சிரிப்பை நீக்கிக் கொடுத்த கேசட்: திருச்சியில் ஒரு நாள் அலைச்சல்

ஆவணி முகூர்த்த நாளில் திருச்சிக்குப் போகாதீர்கள். போயே தீர வேண்டும் என்றால், அங்கே நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் கல்யாண வீடியோ எடுப்பவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் யாராவது முன்னாடியே எழுதி வைத்திருந்தால் எனக்குப் பாதி உயிர் மிச்சமாகியிருக்கும். யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். பழைய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றக் கிளம்புகிறவர்கள் பொறுமையாகப் படிக்கவும். எனக்கு இல்லாத பொறுமை உங்களுக்காவது இருக்கட்டும்.

கதை இதுதான். என் அப்பா ராமலிங்கம் திருச்சி கைலாசபுரத்தில், பெரிய தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். பொருளில் குறை இருந்தால் கண்டுபிடித்து எழுதித் திருப்பி அனுப்புகிற வேலை. முப்பத்திரண்டு வருஷம் குறையே கண்டுபிடித்த முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர் முகமும் இருக்கும். தோசையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

நான் நாலாவது படித்தபோது அப்பாவும் அவருடன் வேலை பார்த்தவர்களும் சேர்ந்து ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார்கள். 'குவார்ட்டர்ஸ் நம்பர் தப்பு' என்று பெயர், நாற்பத்தெட்டு நிமிஷம். பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டார், எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே மாதிரி இருப்பதால் தப்பான வீட்டுக்குள் நுழைந்து, அங்கே சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்திடம் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுச் சம்பந்தம் பேசுகிறார்கள். மாப்பிள்ளையாக நடித்தவர் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்த ஸ்ரீரங்கத்து வரதன் மாமா. பஜ்ஜி போட்டுக் கொடுக்கும் தப்பான வீட்டுக்கார அம்மா, என் அம்மா. கேமரா, அப்பா. துபாயிலிருந்து வந்த நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கேமரா.

அதனால் படத்தில் அப்பா எங்கேயும் இல்லை. ஆனால் சத்தம் இருக்கிறது. யாராவது வசனம் பேசினால் கேமராவுக்குப் பின்னால் மெதுவாக 'ஹிக் ஹிக்' என்று ஆரம்பிக்கும். அடக்கப் பார்ப்பார், முடியாது. மூச்சு வாங்கும், கடைசியில் பெரிய தும்மல் ஒன்று போடுவார். படமும் கூடவே குலுங்கும். நடித்த எல்லோரும் பல வருஷம் அவரைத் திட்டினார்கள். 'நல்ல சீனையெல்லாம் ராமலிங்கம் சிரிச்சே கெடுத்துட்டான்' என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சு. வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. என் செல்போனில் அவர் குரல் இருக்கிறது. எல்லாம் 'சிலிண்டர் வந்துச்சா', 'பால் வாங்கிட்டியா'. சிரிப்பு என்றால் அந்தக் கேசட்டில் மட்டும்தான்.

போன வருஷம் அப்பா போய்விட்டார். அம்மா என்னோடு சென்னைக்கு வந்துவிட்டாள். திருச்சி வீட்டைக் காலி செய்தபோது அவசரத்தில், புத்தூர் நால்ரோடு பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் கேசட்டைக் கொடுத்து மாற்றி அனுப்பச் சொன்னேன். எனக்கு வேலையே வீடியோ. படங்களைச் சுருக்கி இணையத்துக்கு ஏற்ற மாதிரி ஆக்கிக்கொடுக்கும் கம்பெனியில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். ஊரார் படத்தையெல்லாம் உட்கார்ந்து சரிபார்த்த நான் சொந்த வீட்டுக் கேசட்டை வெளியில் கொடுத்தேன். கேசட்டைப் போட்டுப் பார்க்க என்னிடம் டெக் இல்லை என்பதெல்லாம் சாக்கு.

ரெண்டு மாசம் கழித்து கூரியரில் பென் டிரைவ் வந்தது. போட்டுப் பார்த்தேன், தலையில் அடித்துக்கொண்டேன். பழைய டிவி படம் நாலுக்கு மூன்று என்ற அளவில், கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். அதை இந்தக் காலத்து அகல டிவி முழுக்க நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழுமாகக் கால்வாசியை வெட்டியிருந்தார்கள். வரதன் மாமாவுக்கு நெற்றிக்கு மேல் தலையே இல்லை. பஜ்ஜித் தட்டு வெளியே போய்விட்டது, எல்லோரும் காற்றை எடுத்து மென்றார்கள். கை வீசினால் விரல்கள் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிரிந்தன. பழைய வீடியோ ஒவ்வொரு படத்தையும் ஒற்றைப்படைக் கோடு, இரட்டைப்படைக் கோடு என்று ரெண்டு பாதியாகத்தான் வைத்திருக்கும். சேர்க்கத் தெரியாமல் சேர்த்தால் இப்படித்தான் ஆகும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. சிரிப்பு இல்லை. சிரிப்பு வருகிற ஒவ்வொரு இடத்திலும் சத்தத்தை அமுக்கிவிட்டு, மேலே 'டொய்ங்' என்று ஒரு இசையைப் போட்டிருந்தார்கள். படம் மட்டும் காரணமே இல்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தது.

அம்மா முழுசும் பார்த்தாள். முடிந்ததும் சொன்னாள்: "படம் நல்லாத்தான் இருக்கு. அவரைக் காணோமே."

ஸ்டுடியோவுக்கு போன் போட்டேன். உரிமையாளர் செல்வம் எடுத்தார்.

"மேடம், நல்லா க்ளீன் பண்ணிக் குடுத்திருக்கோம்ல?"

"க்ளீன் பண்ணாத ஃபைல் இருக்கா சார்?"

"அது எடம் அடைக்குதுன்னு அழிச்சாச்சு மேடம். கேசட்டு இருக்கு. மாசக் கடைசில பழசெல்லாம் கழிச்சுருவோம், அதுக்குள்ள வந்து எடுத்துக்குங்க."

அமுக்கி அழித்த சத்தத்தை எந்த மென்பொருளாலும் திரும்ப வரவழைக்க முடியாது. ஆக, அப்பாவின் சிரிப்பு இந்த உலகத்தில் இருப்பது அந்தக் கேசட்டில்தான். கூரியரில் அனுப்பச் சொல்ல வாயெடுத்தேன். இவர் கட்டுகிற லட்சணத்தில் கூரியரா என்று அடக்கிக்கொண்டேன். மாசக் கடைசிக்கு நாலு நாள் இருந்தது. லீவ் கிடைத்த ஒரே நாள், முகூர்த்த நாள்.

எழும்பூரிலிருந்து திருச்சி 336 கிலோமீட்டர். காலை ரயிலில் எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து 1,160 ரூபாய். 12.10க்குப் போய்ச் சேர வேண்டியது 1.05க்குப் போனது. என் பையில் லேப்டாப், ஹார்ட் டிஸ்க், வீடியோவைப் பிடிக்கிற சின்னப் பெட்டி, ஏழு வித ஒயர். அம்மா பையில் தயிர் சாதம், மோர் மிளகாய், வரதன் மாமா வீட்டுக்கு ஒரு சீப்பு பூவன் பழம். விழுப்புரம் தாண்டுவதற்குள் ரெண்டு பழம் என் லேப்டாப்பின் மேல் நசுங்கிவிட்டன. திருச்சிக்கே பூவன் பழம் கொண்டு போகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன், ஐந்து மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜங்ஷனில் இறங்கியதும் செல்வத்துக்கு போன். பின்னணியில் நாதஸ்வரம். "மேடம், மண்ணச்சநல்லூர்ல முகூர்த்தம். நாலு மணிக்குக் கடையில இருப்பேன், கண்டிப்பா."

"நேத்து சொன்னப்ப ஒரு மணின்னீங்களே?"

"நேத்து சொன்னது நேத்து நெலம மேடம்."

வேறு வழியில்லாமல் ரெண்டாவது வேலையை முதலில் வைத்துக்கொண்டோம். படத்துக்கு அந்தக் காலத்தில் இரண்டே பிரதி. ஒன்று எங்களுடையது, இன்னொன்று வரதன் மாமாவுடையது. அவரிடம் ஓடுகிற டெக்கும் உண்டு. அவர் பிரதி நன்றாக இருந்தால் செல்வம் முகத்திலேயே விழிக்க வேண்டாம் என்பது என் கணக்கு.

ஸ்ரீரங்கத்துக்கு ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 350 கேட்டார். "இன்னிக்கு முகூர்த்தம்க்கா, ரிட்டன் கெடைக்காது." ஒத்துக்கொள்ளலாம் என்று நான் வாய் திறப்பதற்குள் அம்மா மத்திய பஸ் நிலையம் பக்கம் நடந்துவிட்டாள். ஒன்னாம் நம்பர் பஸ். பெண்களுக்கு இலவசம். ஆனால் எல்லா ஒன்னாம் நம்பரும் இலவசம் இல்லை. அம்மா முதல் ரெண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, இலவச பஸ் வரும்வரை இருபத்தைந்து நிமிஷம் வெயிலில் நின்றாள். நானும் நின்றேன். எட்டாயிரம் ரூபாய் பெட்டி பையில் சுடச்சுட வெந்துகொண்டிருந்தது. ஏறிய பஸ்ஸில் கல்யாணக் கூட்டம். காவேரிப் பாலம் தாண்டும்வரை என் ஒயர்ப் பையின் மேல் யாரோ ஒருவரின் தாம்பாளத் தட்டு.

வரதன் மாமா உத்தர வீதியில் இருக்கிறார். எழுபத்தாறு வயது. அகன்ற நாமம், கையில் டிவி ரிமோட்.

"வாங்கோ வாங்கோ! இந்த வெயில்ல இப்படி வரணுமா? பெருமாள சேவிச்சேளா?"

"இல்லீங்க சார், நேரா இங்கதான்," என்றாள் அம்மா.

"அப்போ மொதல்ல மோர் சாப்பிடுங்கோ."

கேசட்டை எடுத்து வைத்திருந்தார். டெக்கும் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அன்றைக்கு முதல் தடவையாக எனக்கு நல்ல மூச்சு வந்தது. ஒயர்களை மாட்டி, ஓடவிட்டோம். தலைப்பு வந்தது. குவார்ட்டர்ஸ் தெரு வந்தது. தலை முழுசாக உள்ள மாப்பிள்ளை வரதன் சைக்கிளை நிறுத்தி, வீட்டு நம்பரைப் பார்த்து, "ஒன்பதா ஆறா?" என்று தலைகீழாகக் குனிந்தார். பின்னால் 'ஹிக்' என்றது.

அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

அடுத்த நொடி திரையில் கோடு ஓடியது. மேளம். ஆயிரம் பேர் "ரங்கா! ரங்கா!" என்று கோஷம் போட, சொர்க்கவாசல் திறந்து நம்பெருமாள் வெளியே வந்தார்.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கைகூப்பிக்கொண்டிருந்தார்.

"மாமா, என்னது இது?"

"வைகுண்ட ஏகாதசிம்மா. அந்த வருஷம் எனக்கு டூட்டி மாத்திக் குடுக்கல. டிவில காட்டறான்னு டைமர் போட்டுட்டுப் போனேன். கைக்குக் கெடச்ச கேசட்ட சொருகினேன்."

"அப்பா பின்பக்கம் அந்தப் பிளாஸ்டிக்கை உடைச்சுத்தானே குடுத்திருப்பார்? அதுக்கு மேல ரெக்கார்டு ஆகாதே?"

கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் எதையும் பதிய முடியாது. அப்பா அதை விடுகிற ஆள் இல்லை. மாமா கேசட்டைத் திருப்பிக் காட்டினார். உடைந்த ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது, அழகாக, ஓரம் வெட்டி.

"செல்லோடேப் ஒட்டினா பதியும்னு உங்கப்பாதான் சொல்லிக் குடுத்தான்," என்றார் மாமா. "கோச்சுக்காதேம்மா. இதுல பெருமாள் எழுந்தருளியிருக்கார், அழிக்கவா முடியும்?"

பெருமாள் மேல் யார் கோபித்துக்கொள்ள முடியும்? மாமா மேல் தாராளமாக முடியும், ஆனால் அவர் மனைவி அதற்குள் என் கையில் புளியோதரையைக் கொடுத்துவிட்டார். நாற்பத்தைந்து நிமிஷப் புறப்பாட்டை உட்கார்ந்து முழுசும் பார்த்தோம், பின்னால் மிச்சப் படம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமா என்று. ஒன்றும் இல்லை. இனி செல்வம் கடையில் இருக்கிற கேசட் ஒன்றுதான். கிளம்பும்போது மாமா டெக்கைத் துணிப்பையில் போட்டு என்னிடமே கொடுத்தார். "எடுத்துண்டு போ. சொர்க்கவாசல் எனக்கு மனப்பாடம்."

புத்தூருக்கு ஏழு கிலோமீட்டர். ஆட்டோ 240 ரூபாய். இந்தத் தடவை அம்மா தடுக்கவில்லை. நாலு மணிக்குக் கடை பூட்டியிருந்தது. ஐந்துக்கும் பூட்டியிருந்தது. எதிர் டீக்கடையில் ஆளுக்கு ரெண்டு டீ, 60 ரூபாய். நான் செல்வத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். பிள்ளையார் பிடிக்கச் சொன்னால் குரங்கு பிடித்துக் கொடுப்பீர்களா என்பது முதல் கேள்வி. 5.40க்கு, சட்டையில் சந்தனமும் தோளில் ரெண்டு கேமராவுமாக வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும், கண்ணில் தூக்கம்.

கேசட் அலமாரியில் பத்திரமாக இருந்தது. கையில் வாங்கினேன், பிறகு ஆரம்பித்தேன். தலையை ஏன் வெட்டினீர்கள்? கோடு ஏன்? எல்லாவற்றுக்கும் "கஸ்டமர்லாம் ஃபுல் ஸ்க்ரீன்தான் மேடம் கேக்குறாங்க" என்றார். கடைசியாக, "யாரைக் கேட்டு சார் சிரிப்பை எடுத்தீங்க?" என்று கத்தினேன். டீக்கடையில் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகம் மாறியது. "நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க?"

"நானா?"

மேசை இழுப்பறையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "கேசட்டுப் பொட்டிக்குள்ள, அட்டைக்குப் பின்னாடி இருந்துச்சு."

அப்பாவின் கையெழுத்து. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார், தொழிற்சாலை ஆய்வு அறிக்கை மாதிரியே. வரிசை எண், நேரம், குறை, நடவடிக்கை. '1. நிமிடம் 3.05. சிரிப்பு (நான்). நீக்கவும். 2. நிமிடம் 4.40. சிரிப்பு, தும்மல் (நான்). நீக்கவும்.' இப்படிப் பதினேழு. கீழே முடிவு என்று எழுதி, ஏற்பு, திருத்தம், நிராகரிப்பு என்று மூன்று கட்டம், திருத்தத்தில் டிக். அதற்கும் கீழே ஒரே வரி: 'என்னால் மற்றவர்கள் உழைப்பு கெட்டது. சி.டி.யில் ஏற்றும்போது சரிசெய்து எல்லோருக்கும் ஒரு பிரதி தர வேண்டும்.' கையெழுத்து.

எப்போதோ சி.டி.யில் ஏற்ற நினைத்து எழுதி வைத்திருக்கிறார். செய்யாமலே போய்விட்டார். நாங்கள் பெட்டியைத் திறந்தே பார்க்காமல் கொடுத்திருக்கிறோம். காலையிலிருந்து சேர்த்து வைத்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சொன்ன வேலையைச் செய்த மனிதரை நடுத்தெரு கேட்கத் திட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம், நான் ரெண்டு நாளா தூங்கல, பாதிதான் காதுல விழுந்துச்சு," என்றார்.

அதைவிடப் பெரிய சிக்கல், இப்போது என்ன செய்வது? நாங்கள் தேடி வந்ததைத்தான் அவர் வேண்டாம் என்று கைப்பட எழுதியிருக்கிறார். அம்மா தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, பதினேழையும் படித்தாள். "மொதல்ல போட்டுப் பாக்கலாம்," என்றாள்.

மாமாவின் டெக்கில் கேசட்டைப் போட்டு, என் பெட்டியில் மாட்டி, எதையும் சுருக்காமல் பிடிக்க ஆரம்பித்தேன். 3.05, ஹிக். 4.40, ஹிக் ஹிக், தும்மல். அப்பா எழுதிய நேரம் ஒரு வினாடி பிசகவில்லை. செல்வம் ஸ்டூலைப் போட்டுக் கூடவே உட்கார்ந்துவிட்டார். அம்மா விரலால் பட்டியலில் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

"பதினேழு எழுதியிருந்தாரும்மா," என்றார் செல்வம், "ஒண்ணு விட்டுப் போயிருந்துச்சு. அதையும் நானே பாத்து எடுத்துட்டேன்."

"எது?"

"இப்ப வரும் பாருங்க."

31.20. அம்மா பஜ்ஜித் தட்டோடு வருகிறாள். வசனம் மறந்துவிட்டது. தட்டைப் பார்க்கிறாள், மாப்பிள்ளையைப் பார்க்கிறாள், நேராகக் கேமராவைப் பார்த்து, "என்னங்க சொல்லணும்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிக்கிறாள். பின்னால் அப்பா சிரிக்கிறார். இதில் அடக்கப் பார்க்கவே இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து அரை நிமிஷம் சிரிக்கிறார்கள், படம் கண்டபடி குலுங்குகிறது, கடைசியில் தும்மல்.

அம்மா தாளில் தேடினாள். பன்னிரண்டாவது 29.10. பதிமூன்றாவது 34.00. நடுவில் ஒன்றும் இல்லை.

"அவரு தெரியாம விடுற ஆளு இல்ல," என்றாள். விரலை அந்த ரெண்டு வரிக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் வெச்சே பண்ணு," என்றாள். செல்வம் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கும் தேவையாக இருந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை. கேசட்டை வெளியில் கொடுக்கும்போது நாலுக்கு மூன்று அளவு மாறக் கூடாது, எதையும் சுத்தம் செய்யக் கூடாது, சுருக்காத ஃபைல் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். எங்கள் 48 நிமிஷம் சுமார் 24 ஜி.பி. வந்தது, செல்வம் முதலில் அனுப்பியது 380 எம்.பி. பெரிய ஃபைலை ரெண்டு இடத்தில் வைத்துவிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சின்னதாகச் சுருக்கி அனுப்புங்கள். கோடுகளைச் சேர்ப்பது, நிறம் சரிசெய்வது எல்லாம் பிரதியில் செய்யலாம், மூலத்தில் கை வைக்காதீர்கள். முதுகில் செல்லோடேப் ஒட்டிய கேசட் இருந்தால் அதைப் பிய்த்துவிட்டு மறுவேலை பாருங்கள். கேசட் பெட்டியின் அட்டையை எடுத்து உள்ளே பாருங்கள். திருச்சிக்குப் பூவன் பழம் கொண்டு போகாதீர்கள்.

செல்வம் காசு வாங்க மறுத்துவிட்டார். எட்டு மணிக்கு அவரே பைக்கில் முன்னால் போய் எங்கள் ஆட்டோவுக்குப் பஸ் நிலையம்வரை வழி காட்டினார். சென்னை பஸ், தலைக்கு 480 ரூபாய்.

சமயபுரம் தாண்டியதும் அம்மா என்னிடம் பேனா கேட்டாள். மடியில் அப்பாவின் தாளை விரித்து, திருத்தத்தில் இருந்த டிக்கை அடித்தாள். ஏற்பு என்ற கட்டத்தில் டிக் போட்டாள். பஸ் குலுங்கியதில் அது கட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. அவரிடம் இது தேறாது என்று நான் சொன்னேன். "தேறும்," என்று சொல்லிவிட்டு, அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்தைப் போட்டாள்.